நாட்டுக்கு நாடு நிதி விதிகள்: எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல நாடுகளில் இயங்கும் வங்கி, வெளிநாட்டுப் பங்கு வாங்கும் நிதியம், எல்லை தாண்டிப் பணம் அனுப்பும் நிறுவனம். இவற்றின் விதிமுறைப் பிரிவில் இருப்பவர்களும், அந்த வேலைக்குப் படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் கீழே. தேதிகளும் அளவுகளும் அடிக்கடி மாறுபவை. எதிலாவது கையெழுத்துப் போடும் முன் அந்தந்த நாட்டின் நடப்பு விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிதி விதிகளை ஒத்திசைப்பது என்றால் எல்லா நாட்டுக்கும் ஒரே சட்டமா?

இல்லை. அப்படிச் சட்டம் போட அதிகாரம் உள்ள உலக அமைப்பே கிடையாது. நடப்பது மூன்று வேலை. முதலாவது, குறைந்தபட்சம் இதையாவது கடைப்பிடிப்போம் என்று கூடி ஒரு தரத்தை எழுதுவது. வங்கிகளுக்குப் பாசல் குழு, பங்குச் சந்தைகளுக்கு ஐயோஸ்கோ, காப்பீட்டுக்கு ஐஏஐஎஸ், கறுப்புப் பணத் தடுப்புக்கு எஃப்ஏடிஎஃப் என்று ஆளுக்கொரு துறை. இரண்டாவது, "உங்கள் விதி எங்கள் விதிக்கு ஈடானது" என்று ஒரு நாடு இன்னொன்றை ஏற்றுக்கொள்வது. மூன்றாவது, மேற்பார்வையாளர்கள் தகவல் பரிமாறிக்கொள்வது. முதல் வேலை ஓரளவு ஒழுங்காக நடக்கிறது. இரண்டாவதில் அரசியல் புகுந்துவிடும். மூன்றாவது, நெருக்கடி வராதவரை நன்றாக ஓடும்.

இந்த மூன்றிலும் அடங்காத ஒரு கேள்வி இருக்கிறது: நிறுவனம் மூழ்கினால் நஷ்டம் யார் தலையில்? அதற்கான விடை இன்றும் ஒவ்வொரு நாட்டின் கஜானாவிலும் நீதிமன்றத்திலும்தான் இருக்கிறது. கீழே வரும் தகராறுகளில் பலவற்றுக்கு வேர் இதுதான்.

இந்த முயற்சி எங்கே தொடங்கியது?

ஜெர்மனியின் கொலோன் நகரில் இருந்த ஹெர்ஸ்டாட் வங்கியில். 1974 ஜூன் 26 அன்று, ஜெர்மனியில் அன்றைய பணப் பரிமாற்றம் முடிந்தபின், அந்த வங்கியை அதிகாரிகள் மூடினார்கள். நியூயார்க்கில் அப்போது காலை நேரம். அந்நியச் செலாவணி ஒப்பந்தத்தின்படி ஜெர்மன் நாணயமான மார்க்கைக் கொடுத்துவிட்ட வங்கிகளுக்கு, பதிலுக்கு வரவேண்டிய டாலர் வரவில்லை. ஒரு கை கொடுத்து மறு கை வாங்காமல் போகும் இந்த ஆபத்துக்கு இன்றும் ஹெர்ஸ்டாட் இடர் என்றுதான் பெயர்.

அந்த ஆண்டு இறுதியில் பத்து நாடுகள் குழுவின் மத்திய வங்கித் தலைவர்கள் பாசல் குழுவை அமைத்தார்கள். ஆனால் ஹெர்ஸ்டாட் ஓட்டையை உண்மையில் அடைத்தது, இரு நாணயங்களையும் ஒரே நேரத்தில் கைமாற்றும் சிஎல்எஸ் என்ற அமைப்பு. அது 2002இல்தான் வேலையைத் தொடங்கியது. இடைவெளி 28 ஆண்டு! எல்லை தாண்டிய சீர்திருத்தம் என்ன வேகத்தில் நகரும் என்று மேலதிகாரி கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

பாசல் விதிகள் சட்டமா? மீறினால் தண்டனை உண்டா?

சட்டம் இல்லை. குழுவில் இருப்பவை 28 நாடுகளையும் ஆட்சிப் பகுதிகளையும் சேர்ந்த 45 அமைப்புகள். அவர்கள் உடன்பட்டதை அவரவர் நாட்டில் சட்டமாகவோ சுற்றறிக்கையாகவோ கொண்டுவர வேண்டும். அங்கேதான் வார்த்தை மாறும், தேதி தள்ளிப்போகும், விலக்கு நுழையும்.

2017 டிசம்பரில் இறுதியான பாசல் 3 தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சொன்ன தேதி 2022 ஜனவரி 1. கொரோனாவால் ஓராண்டு தள்ளினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பகுதியை 2025 ஜனவரியில்தான் கொண்டுவந்தது. வர்த்தகப் புத்தகத்துக்கான (வங்கி விற்று லாபம் பார்க்க வைத்திருக்கும் பங்கு, பத்திரங்களுக்கான) பகுதியை அதற்கு மேலும் ஒத்திவைத்தது. பிரிட்டன் 2027 ஜனவரியைக் குறித்தது. அமெரிக்கா 2023 ஜூலையில் ஒரு வரைவை வெளியிட்டது. வங்கிகளின் கடும் எதிர்ப்பில் அது அப்படியே நின்றுபோனது.

தண்டனைக்குப் பதிலாக இருப்பது சகாக்களின் மதிப்பெண். 2012 முதல் ஒவ்வொரு உறுப்பினரின் விதிகளையும் மற்றவர்கள் படித்து நான்கு நிலைகளில் தரம் இடுகிறார்கள். 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கிடைத்தது கீழிருந்து இரண்டாவது தரம். வெட்கம்தான், வேறொன்றும் நடக்கவில்லை.

8 சதவீத மூலதனம் என்கிறார்கள். இரண்டு நாட்டு வங்கிகளின் 8 சதவீதமும் ஒன்றா?

பெரும்பாலும் இல்லை. விகிதத்தின் மேலே இருப்பது மூலதனம், அதாவது நஷ்டத்தைத் தாங்க வங்கி வைத்திருக்கும் நிதி. கீழே இருப்பது இடர் எடையிட்ட சொத்து, அதாவது ஒவ்வொரு கடனையும் அதன் ஆபத்துக்கு ஏற்ற சதவீதத்தால் பெருக்கிக் கூட்டிய தொகை. மாற்றம் எல்லாம் கீழே நடக்கிறது.

ஒரு கம்பெனிக்கு 100 கோடி டாலர் கடன். அதற்குத் தர மதிப்பீடு இல்லை என்றால், விதியே எடையை எழுதிக் கொடுக்கும் நிலையான முறையில் இடர் எடை 100 சதவீதம். 8 சதவீதத்துக்கு 8 கோடி டாலர் மூலதனம் வேண்டும். அதே கடனைத் தன் சொந்தக் கணிப்பு மாதிரியில் போட்டு, எடை 40 சதவீதம் என்று எடுக்கும் வங்கிக்கு 3.2 கோடி போதும். கடன் அதே கடன், கம்பெனி அதே கம்பெனி. மாதிரிக்கு அனுமதி தருவதில் எந்த மேற்பார்வையாளர் கறார், யார் தாராளம் என்பதுதான் வித்தியாசம்.

இதைக் கட்டுப்படுத்தத்தான் 72.5 சதவீதத் தரை வந்தது. சொந்த மாதிரி எவ்வளவு குறைவாகக் காட்டினாலும், மொத்த இடர் எடையிட்ட சொத்து நிலையான முறையில் வரும் தொகையில் 72.5 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. மொத்தத்துக்குத்தான் இது, கடனுக்குக் கடன் பார்ப்பதில்லை. இதைக் கவனிக்காமல் ஒவ்வொரு கடனுக்கும் தரை போட்டுக் கணக்கிட்டு, தேவைக்கு மேல் மூலதனம் காட்டும் தவறு நடப்பதுண்டு.

8 மட்டும் பார்த்தால் போதாது. அதில் 4.5 பொதுப் பங்கு மூலதனம், 1.5 கூடுதல் முதல் அடுக்கு (வங்கி சிக்கலில் மாட்டினால் பங்காக மாறும் அல்லது அழியும் பத்திரங்கள்), 2 இரண்டாம் அடுக்கு (மற்றவர்களுக்குக் கொடுத்தபின் திருப்பித் தரப்படும் நீண்டகாலக் கடன் போன்றவை). மேலே 2.5 பாதுகாப்பு இருப்பு சேர்ந்து 10.5 ஆகிறது. இதற்கு மேல் நாடுகள் விருப்பப்படி ஏற்றலாம். இந்தியாவில் 8க்குப் பதில் 9, இருப்போடு சேர்த்து 11.5. எனவே இரு வங்கிகளை ஒப்பிடும்போது இந்த விகிதத்தோடு நிற்காமல், மூலதனத்தை எடை போடாத மொத்தச் சொத்தோடு ஒப்பிடும் கடன்சுமை விகிதத்தையும் பக்கத்தில் வையுங்கள். அதன் குறைந்தபட்சம் 3 சதவீதம். முரட்டு அளவுகோல்தான், ஆனால் அதில் ஏமாற்ற இடம் குறைவு.

பாசல் விதிகள் இருந்தும் 2023இல் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி எப்படி விழுந்தது?

அந்த விதிகளில் முக்கியமானவை அந்த வங்கிக்குப் பொருந்தவே இல்லை. பாசல் தரம் சர்வதேச அளவில் இயங்கும் வங்கிகளுக்கானது. யார் அந்த வங்கி என்பதை நாடே தீர்மானிக்கும். அமெரிக்கா 2018இல் கடுமையான விதிகளுக்கான சொத்து வரம்பை 5,000 கோடி டாலரிலிருந்து 25,000 கோடிக்கு உயர்த்தியது. அதற்குக் கீழே இருந்த சிலிக்கான் வேலி வங்கி, 30 நாள் நெருக்கடியைத் தாங்கும் அளவுக்குக் கைப்பணம் கேட்கும் பணப்புழக்க விகிதத்தைக் கடைப்பிடிக்க வேண்டியிருக்கவில்லை. விற்பனைக்குரிய கடன் பத்திரங்களில் வட்டி உயர்வால் வந்த காகித நஷ்டத்தை மூலதனத்தில் கழிக்காமலிருக்கவும் அனுமதி இருந்தது. ஐரோப்பாவில் பாசல் விதி சிறிய வங்கிகளுக்கும் சேர்த்தே சட்டமாகியிருக்கிறது. "பாசலை ஏற்றுக்கொண்ட நாடு" என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. யாருக்கு என்று கேட்க வேண்டும்.

வெளிநாட்டில் கிளை திறப்பதா, துணை நிறுவனம் தொடங்குவதா? விதி ஒன்றானபின் இந்த வித்தியாசம் முக்கியமா?

மிக முக்கியம். கிளை என்பது தாய் வங்கியின் கையே. தனி மூலதனம் பெரிதாகத் தேவையில்லை. ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்குள் மேற்பார்வையும் வைப்புத்தொகைக் காப்பீடும் பெரும்பாலும் தாய்நாட்டைச் சார்ந்தவை. துணை நிறுவனம் என்றால் உள்ளூர்ச் சட்டப்படி தனி ஆள், தனி மூலதனம், உள்ளூர்க் காப்பீடு.

ஐஸ்லாந்தின் லாண்ட்ஸ்பாங்கி வங்கி, ஐஸ்சேவ் என்ற பெயரில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் கிளை வழியாக இணைய வைப்புத்தொகை திரட்டியது. ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்தில் ஒரு நாட்டு உரிமம் மற்றதிலும் செல்லும் என்பதால் இதற்குத் தடையே இல்லை. 2008 அக்டோபரில் வங்கி விழுந்தபோது, பிரிட்டனில் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பணம் சிக்கியது. அன்றைய ஐரோப்பிய விதி கேட்ட குறைந்தபட்சக் காப்பீடு 20,000 யூரோ. ஐஸ்லாந்தின் காப்பீட்டு நிதியில் அதற்கே பணம் இல்லை. பிரிட்டிஷ், டச்சு அரசுகள் தங்கள் பணத்தைப் போட்டு மக்களுக்குக் கொடுத்துவிட்டு ஐஸ்லாந்திடம் கேட்டன. வழக்கு எஃப்டா (ஐரோப்பியத் தடையில்லா வர்த்தகச் சங்கம்) நீதிமன்றம்வரை போய், 2013 ஜனவரி 28 அன்று ஐஸ்லாந்துக்குச் சாதகமாகத் தீர்ந்தது. காப்பீட்டுத் திட்டம் ஒன்றை அமைக்கத்தான் விதி சொல்கிறது, அது தோற்றால் அரசு கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை என்றது தீர்ப்பு. அதே வாரத்தில் விழுந்த இன்னொரு ஐஸ்லாந்து வங்கியான கௌப்திங், பிரிட்டனில் துணை நிறுவனம் வழியாக வைப்புத்தொகை வாங்கியிருந்தது. அந்தக் கணக்குகள் ஐஎன்ஜி டைரக்டுக்கு மாற்றப்பட்டன. இரு அரசுகள் மோதவில்லை.

பாடம் கற்ற நாடுகள் வேலி போட ஆரம்பித்தன. கிளைகளுக்கு வெளியே 5,000 கோடி டாலர் அமெரிக்கச் சொத்து வைத்திருந்த வெளிநாட்டு வங்கிகள் 2016 ஜூலைக்குள் அங்கே ஓர் இடைநிலைத் தாய் நிறுவனம் அமைக்க வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் தன் பங்குக்கு 4,000 கோடி யூரோ என்ற வரம்போடு அதேபோன்ற விதியைக் கொண்டுவந்தது. 2027 ஜனவரி 11 முதல், ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள வங்கி அங்கே கடன் கொடுப்பது போன்ற அடிப்படை வங்கிச் சேவை செய்ய, சில விலக்குகள் நீங்கலாக, கிளையாவது திறந்தாக வேண்டும். ஒத்திசைவு பற்றிய மாநாடுகள் ஒரு பக்கம், வேலிகள் ஒரு பக்கம். இரண்டையும் செய்வது ஒரே ஆட்கள்தான்.

சமத்தகுதி என்றால் என்ன? விதி ஒரே மாதிரி இருந்தால் தானாகக் கிடைக்குமா?

உங்கள் நாட்டு மேற்பார்வை எங்களுடையதற்கு ஈடு என்று இன்னொரு நாடு முடிவெடுப்பது சமத்தகுதி. கிடைத்தால் இரண்டாவது உரிமமும் இரண்டாவது தணிக்கையும் மிச்சம். ஆனால் கொடுத்தவர் திரும்பப் பெறலாம், தானாக எதுவும் வராது.

சுவிட்சர்லாந்தின் பங்குச் சந்தைக்கு ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்திருந்த சமத்தகுதி 2019 ஜூன் இறுதியில் காலாவதியானது. சந்தை விதியில் குறை எதுவும் சொல்லப்படவில்லை. இரு தரப்புக்கும் இடையிலான பொது ஒப்பந்தப் பேச்சு முடங்கியதுதான் காரணம். பதிலுக்கு சுவிஸ் அரசு தன் நாட்டுப் பங்குகளை ஒன்றியத்தின் சந்தைகளில் வர்த்தகம் செய்யத் தடை போட்டது. வியாபாரம் சூரிக்குக்குத் திரும்பியது. யாரைத் தண்டிக்க நினைத்தார்களோ அவர்கள் பெரிதாக இழக்கவில்லை.

வட்டி, நாணயம், பங்கு போன்றவற்றின் விலையைச் சார்ந்து மதிப்பு மாறும் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களின் நடுவே நின்று இரு தரப்புக்கும் உத்தரவாதம் தரும் தீர்வகங்கள் விஷயத்தில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. 2009 செப்டம்பரில் ஜி20 நாடுகள் பிட்ஸ்பர்க்கில் கூடி, தரப்படுத்தப்பட்ட ஒப்பந்தங்களை 2012 இறுதிக்குள் தீர்வகம் வழியாக அனுப்ப ஒப்புக்கொண்டன. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒருவர் தீர்வகத்தை ஒருவர் ஏற்க 2016 பிப்ரவரி ஆனது. சண்டை எதில் தெரியுமா? அமெரிக்காவில் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு நாள் நஷ்டத்துக்கு மார்ஜின் (முன்பிணைத் தொகை). ஐரோப்பாவில் கணக்குகளை ஒன்றுக்கொன்று கழித்துவிட்டு இரண்டு நாள் நஷ்டத்துக்கு மார்ஜின். எது அதிகப் பாதுகாப்பு என்பது வாடிக்கையாளர்களின் நிலைகள் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இரண்டு பக்கமும் நேர்மையாகவே தங்களுடையது கடுமையானது என்று வாதாட முடிந்தது.

2022 அக்டோபர் 31 அன்று ஐரோப்பியச் சந்தை மேற்பார்வை அமைப்பான எஸ்மா, 6 இந்தியத் தீர்வகங்களின் அங்கீகாரத்தை 2023 ஏப்ரல் 30 முதல் விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. அங்கும் தீர்வகங்களின் பலம் பிரச்சினை இல்லை. ஐரோப்பாவின் புதிய விதி கேட்ட மேற்பார்வை ஒத்துழைப்பு உடன்பாட்டில் இந்திய ஒழுங்குமுறை அமைப்புகள் கையெழுத்திடவில்லை. நம் நிறுவனத்தை நாமே மேற்பார்க்கும்போது வெளியார் ஏன் என்பது அவர்கள் நிலை. சிக்கியவை ஐரோப்பிய வங்கிகளின் இந்தியக் கிளைகள். கிளை தனி ஆள் இல்லை என்று மேலே சொன்னது இங்கே கடிக்கிறது.

மேலைநாட்டுச் சந்தைகள் மறுநாள் செட்டில்மென்டுக்கு மாறினால் மற்றவர்களுக்கு என்ன?

கடிகாரம் சுருங்குகிறது. அமெரிக்கா 2024 மே 28 அன்று வர்த்தகத்துக்கு அடுத்த நாளே கணக்கு முடிக்கும் முறைக்கு மாறியது. ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், சுவிட்சர்லாந்து மூன்றும் குறித்திருப்பது 2027 அக்டோபர் 11. இடைப்பட்ட காலத்தில் இரண்டையும் வைத்திருக்கும் நிதியத்துக்கு ஒரு நாள் பள்ளம்: ஐரோப்பியப் பங்கை விற்ற பணம் இரண்டாம் நாள் வரும், அதை நம்பி வாங்கிய அமெரிக்கப் பங்குக்கு முதல் நாளே கட்ட வேண்டும்.

நாணய மாற்றில் இன்னும் நெருக்கடி. நியூயார்க் சந்தை மாலை 4 மணிக்கு மூடும்போது மத்திய ஐரோப்பாவில் இரவு 10. மறுநாள் சிஎல்எஸ் வழியாக டாலர் வர, ஆணை நள்ளிரவுக்குள் போய்ச் சேர வேண்டும். கையில் இருப்பது 2 மணி நேரம். அதற்குள் எத்தனை பங்கு வாங்கினோம் என்று உறுதிசெய்து, டாலர் அளவைக் கணக்கிட்டு, மாற்றி, ஆணையைப் பொருத்த வேண்டும். தவறினால் சிஎல்எஸ்ஸுக்கு வெளியே நேரடியாக மாற்ற வேண்டியதுதான். 1974இன் அதே இடர் பின்வாசல் வழியாக வருகிறது. மார்ச்சிலும் இலையுதிர் காலத்திலும் இரு கண்டங்களும் வெவ்வேறு வாரத்தில் கடிகாரம் மாற்றும் நாட்களில் இந்த 2 மணி நேரம் 3 ஆகும். அந்த வாரங்களை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். தானியங்கி ஆணைகள் தடுமாறுவது அப்போதுதான்.

டெரிவேட்டிவ் ஒப்பந்த விவரங்களை மேற்பார்வைக்கு அறிக்கையாக அனுப்பும்போது அதிகம் நிராகரிக்கப்படுவது எதனால்?

அடையாள எண் தவறால். ஒவ்வொரு நிறுவனத்தையும் அடையாளம் காட்டும், 20 எழுத்து கொண்ட எல்இஐ எண் உலகம் முழுக்கப் பொது. இந்தத் துறையில் உருப்படியாக ஒத்திசைந்த விஷயம் ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவோம். கடைசி இரண்டு இலக்கம் சரிபார்ப்புக்கு. ஆங்கில எழுத்துகளை A முதல் Z வரை வரிசைப்படி 10 முதல் 35 வரை எண்ணாக்கி, முழு எண்ணை 97ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். இதை அனுப்பும் முன்பே சோதிப்பது ஒரு சிறிய நிரல்தான், ஆனாலும் பலர் செய்வதில்லை. எண்ணை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். காலாவதியானதை வைத்து அனுப்பி அடிவாங்குபவர்கள் நிறைய.

ஒப்பந்தத்துக்கான தனி எண் அதிகபட்சம் 52 எழுத்து. அதை யார் உருவாக்குவது என்பதை ஒப்பந்த நாளிலேயே முடிவு செய்யாவிட்டால் இரு பக்கமும் ஆளுக்கொன்று போட்டுவிடுவார்கள். ஐரோப்பாவில் இரு தரப்பும் அறிக்கை தரவேண்டும் என்பதால் பொருந்தாமை உடனே தெரியும். 2024 ஏப்ரல் 29 முதல் அங்கே நிரப்பவேண்டிய புலங்கள் 203. அமெரிக்காவில் ஒரு தரப்பு தந்தால் போதும், எனவே அதே தவறு பல மாதம் மறைந்துகிடக்கும்.

கணக்கியல் தரம் ஒன்றாகிவிட்டதா?

பாதி வழியில் நிற்கிறது. பெரும்பாலான நாடுகள் ஐஎஃப்ஆர்எஸ் என்ற சர்வதேசக் கணக்கியல் தரம், அமெரிக்கா தன் சொந்தத் தரம். பெரிய விரிசல் கடன் நஷ்ட ஒதுக்கீட்டில். ஆரோக்கியமான கடனுக்கு ஐஎஃப்ஆர்எஸ் 9 அடுத்த 12 மாத நஷ்டத்தை மட்டும் ஒதுக்கச் சொல்கிறது. அமெரிக்கத் தரம் முதல் நாளிலேயே ஆயுள் முழுவதற்கும். 5 ஆண்டுக் கடன் 100 கோடி, ஆண்டுக்கு 1 சதவீதம் தவறும், தவறினால் 40 சதவீதம் நஷ்டம் என்று வைத்தால் முன்னதில் 40 லட்சம், பின்னதில் தள்ளுபடி விகிதம் போடாமல் சுமார் 2 கோடி. இரு நாட்டு வங்கிகளின் லாபத்தை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

எஃப்ஏடிஎஃப் பரிந்துரை எல்லோருக்கும் ஒன்றுதானே, பணம் அனுப்பும் விதி ஏன் மாறுகிறது?

பரிந்துரை 40ம் ஒன்றுதான், வரம்பு நாட்டின் கையில். அனுப்புபவர், பெறுபவர் விவரம் கூடவே போகவேண்டும் என்ற பயண விதியைப் பாருங்கள். எஃப்ஏடிஎஃப் அனுமதிக்கும் வரம்பு 1,000 டாலர் அல்லது யூரோ. அமெரிக்காவில் 3,000 டாலர். ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரிப்டோ பரிமாற்றத்துக்கு 2024 டிசம்பர் 30 முதல் வரம்பே இல்லை, ஒரு யூரோ போனாலும் விவரம் வேண்டும். 2,000 டாலர் மதிப்புள்ள கிரிப்டோவை அமெரிக்க நிறுவனம் விவரமில்லாமல் அனுப்பினால் அங்கே சட்டப்படி சரி. பெறும் ஐரோப்பிய நிறுவனம் நிறுத்திவைக்கும். கடுமையான பக்கத்தின் வடிவத்தில் எல்லாவற்றுக்கும் விவரம் சேகரித்துவிடுவதே செலவு குறைந்த வழி.

பெரிய வங்கி விழுந்தால் யாருக்கு முதலில் நஷ்டம் என்பதில் உடன்பாடு உண்டா?

எழுத்தில் உண்டு. முதலில் பங்குதாரர், பிறகு கூடுதல் முதல் அடுக்குப் பத்திரம் வைத்திருப்பவர். 2023 மார்ச் 19 அன்று கிரெடிட் சுவிஸை யுபிஎஸ் வாங்கியபோது பங்குதாரர்களுக்கு 300 கோடி பிராங்க் கிடைத்தது. சுமார் 1,600 கோடி பிராங்க் மதிப்புள்ள அந்தப் பத்திரங்கள் பூஜ்யமாயின. மறுநாளே ஐரோப்பிய அமைப்புகள், எங்கள் பக்கம் பங்குதாரர்தான் முதலில் என்று அறிக்கை விட்டன. 2025 அக்டோபரில் சுவிஸ் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், பத்திரங்களைப் பூஜ்யமாக்கிய மேற்பார்வை அமைப்பின் உத்தரவு சட்டப்படி செல்லாது என்றது, மேல்முறையீடு போனது. பத்திரத்தை வாங்கும்போது நாட்டின் பெயரைவிட, எந்த நிகழ்வில் அது அழியும் என்ற ஷரத்தைப் படியுங்கள்.

உலக அளவில் முக்கியமான வங்கிகள் (வளரும் நாட்டு வங்கிகளுக்குக் கூடுதல் அவகாசம்) 2022 முதல் இடர் எடையிட்ட சொத்தில் 18 சதவீதம் நஷ்டம் தாங்கும் நிதி வைத்திருக்க வேண்டும். அதில் பிற நாடுகளில் உள்ள பெரிய துணை நிறுவனங்களுக்கு உரிய பங்கில் 75 முதல் 90 சதவீதத்தை அங்கேயே முன்கூட்டி வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. "பிறகு அனுப்புகிறோம்" என்ற வாக்கை யாரும் நம்பவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று?

மூன்று நாடுகளில் தொடங்கப்போகிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் ஒரு பட்டியல்: எந்தச் சட்ட நிறுவனம், எந்தச் சேவை, வாடிக்கையாளர் எங்கே. விதி புத்தகம் அதற்குப் பிறகு. ஒரே சேவைக்கு மூன்று நாடுகளின் தேவையை ஒரே வரியில் அருகருகே எழுதி, மிகக் கடுமையானதை அடிப்படையாக எடுங்கள். இது எப்போதும் பொருந்தாது. இரண்டு விதிகள் நேரெதிராக இருக்கும் இடங்கள் உண்டு. வாடிக்கையாளர் விவரத்தை அனுப்பு என்று ஒரு நாடும், வெளியே கொண்டுபோகாதே என்று இன்னொரு நாடும் சொல்லும். அந்த வரிகளைச் சிவப்பில் குறித்து, சேவை தொடங்கும் முன் இரண்டு மேற்பார்வையாளரிடமும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதில் அந்த அதிகாரி இடமாற்றம் ஆகும்வரைதான்.

சமத்தகுதியை நம்பி இயங்கும் ஒவ்வொரு சேவைக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் இருக்கட்டும்: அது எந்தத் தேதியில் முடிகிறது, எத்தனை நாள் முன்னறிவிப்பில் பறிபோகும், பறிபோனால் எந்த நிறுவனத்துக்கு வேலையை மாற்றுவது. மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்தச் சேவையை இப்போதைக்குத் தொடங்காதீர்கள். உரிமம் புதிதாக வாங்க மாதங்கள் ஆகும், அங்கீகாரம் போவதற்கு ஓர் அறிவிப்பு போதும்.